இரும்புக் கப்பலுக்குள் இருந்தவர்கள்

2002 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் வட கரோலினா கரையிலிருந்து சுமார் 16 மைல் தள்ளி, எழுபது மீட்டர் ஆழத்தில் கிடந்த பிரம்மாண்டமான இரும்பு உருளை ஒன்றைக் கிரேன் வைத்து மேலே தூக்கினார்கள். அது ஒரு போர்க்கப்பலின் பீரங்கிக் கோபுரம். கப்பல் கவிழ்ந்து மூழ்கியதால் கோபுரமும் தலைகீழாகவே கிடந்தது. உள்ளே 140 வருடத்துச் சேறும் நிலக்கரியும் கல்லாக இறுகியிருந்தன. அதைச் சுரண்டியெடுத்தபோது இரண்டு மாலுமிகளின் எலும்புகள் கிடைத்தன. ஒருவர் இளைஞர், மற்றவர் முப்பதைத் தாண்டியவர். மண்டையோட்டை வைத்து முகங்களை உருவாக்கிப் பார்த்தும் அவர்கள் யார் என்று உறுதியாகத் தெரியவில்லை. 2013 மார்ச் 8 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

கப்பலின் பெயர் மானிட்டர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் கடற்படைக்காகக் கட்டிய இரும்புக் கவசக் கப்பல். இரண்டு பேரும் கோபுரத்துக்குள் கிடந்ததற்குக் காரணம் எளிது. கடல் கொந்தளிக்கும்போது அந்தக் கப்பலின் மற்ற திறப்புகளை எல்லாம் இறுக மூடிவிடுவார்கள். வெளியே வர மிஞ்சுவது கோபுரத்தின் உச்சியில் இருக்கும் துளை மட்டும். அவர்கள் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். அதைத் தாண்டத்தான் நேரம் கிடைக்கவில்லை.

மானிட்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அது பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கவசக் கப்பல் ஒன்றோடு சண்டை போட்ட நாலு மணி நேரத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்தக் கப்பல் படையில் இருந்தது கிட்டத்தட்ட பத்து மாதம். மற்ற நாட்களில் உள்ளே இருந்த அறுபது பேரும் என்ன செய்தார்கள், எதை மூச்சாக இழுத்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று பார்த்தால்தான் அந்தப் போரில் மாலுமி வாழ்க்கை எப்படி மாறியது என்பது பிடிபடும். எதிரியின் குண்டு இரண்டாம் பட்சம். முதல் எதிரி அவர்கள் ஏறியிருந்த கப்பலேதான்.

1861 ஏப்ரலில் போர் தொடங்கிய ஒரே வாரத்தில், தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிடப் போவதாக லிங்கன் அறிவித்தார். விர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை சுமார் 3,500 மைல் கடற்கரை. அப்போது கடற்படையின் பட்டியலில் இருந்தவை 90 கப்பல்கள், அதிலும் பாதிக்கு மேல் பழுதாகி நின்றவை. மாலுமிகள் சுமார் 7,600 பேர். கடற்படைச் செயலர் கிடியன் வெல்ஸ் அகப்பட்டதையெல்லாம் வாங்கினார். பயணிகள் படகு, வணிகக் கப்பல், ஆற்றைக் கடக்க விடும் படகு எதுவாக இருந்தாலும் மேல்தளத்தில் பீரங்கியை ஏற்றினால் அது போர்க்கப்பல். போர் முடியும்போது கப்பல்கள் 600ஐத் தாண்டியிருந்தன, ஆட்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள்.

இத்தனை பேருக்குக் கடல் தெரியுமா? தெரியாது. கடலையே பார்த்திராத பண்ணைப் பையன்கள், கடைச் சிப்பந்திகள், பிழைப்பு தேடிக் கப்பலேறி வந்த ஐரிஷ்காரர்கள், ஜெர்மானியர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இவர்களுக்குக் கடற்படை வைத்த பெயரே ‘தரைக்காரன்’ என்பதுதான், அதிகாரப்பூர்வமான பதவிப் பெயரே அது. சம்பளம் மாதம் 12 டாலர். தேர்ந்த மாலுமிக்கு 18. கொதிகலனுக்குக் கரி போடும் முதல்நிலைத் தீயாளுக்கு 30. தரைப்படைச் சிப்பாய்க்கு 13தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த 30 எதற்கான விலை என்று புரியும்.

படையில் சேர்ந்தவர்களின் கணக்கு வேறு. தரைப்படையில் சேர்ந்தால் சேற்றில் நடக்க வேண்டும், மழையில் படுக்க வேண்டும். கப்பலில் தலைக்கு மேல் கூரை, வேளாவேளைக்குச் சாப்பாடு. போதாததற்கு, முற்றுகையை மீறும் கப்பலைப் பிடித்துவிட்டால் அதன் சரக்கை விற்ற பணத்தில் பாதி அரசுக்கு, பாதி பிடித்தவர்களுக்கு. அந்தப் பாதியை அவரவர் பதவிக்கும் சம்பளத்துக்கும் தக்கபடி பிரித்துக் கொடுப்பார்கள். லாட்டரிச் சீட்டு மாதிரிதான். சிலருக்கு ஒரே இரவில் பல வருடச் சம்பளம் கிடைத்தது, பலருக்குப் போர் முடிகிறவரை ஒரு காசும் கிடைக்கவில்லை.

முற்றுகை என்றால் சண்டை என்று நினைத்து வந்தவர்கள் முதல் மாதத்திலேயே ஏமாந்தார்கள். சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கோ வில்மிங்டன் முகத்துவாரத்துக்கோ எதிரே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். எதிரே கரை தெரியும், இறங்க முடியாது. நாலு மணி நேரம் காவல், நாலு மணி நேரம் ஓய்வு என்று நாள் முழுக்கச் சுற்றும். ஆக, யாருக்கும் சேர்ந்தாற்போல நாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் கிடையாது. விடிந்ததும் தளத்தில் மணலைக் கொட்டிக் கல்லால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு துணியில் செய்த தூக்குப்படுக்கையைச் சுருட்டிக் கட்டி, மேல்தளத்தின் ஓரத்தில் அடுக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டு வந்தால் தடுக்க அதுவும் ஒரு சுவர். அப்புறம் பீரங்கிப் பயிற்சி, துணி துவைத்தல், பித்தளை துலக்கல். சாப்பாடு உப்புக்கண்டமாகப் போட்ட மாட்டிறைச்சி, பன்றி, அவரை விதை, கல்லைப் போன்ற பிஸ்கட், காப்பி. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு பந்தி, பந்திக்கு ஒருவர் முறை வைத்துப் பரிமாற வேண்டும். சரக்குக் கப்பல் வந்தால் அன்று திருவிழா, கடிதமும் பச்சை இறைச்சியும் பனிக்கட்டியும் வரும்.

முற்றுகைப் பணி எப்படியிருக்கிறது என்று கேட்ட தாய்க்கு ஓர் அதிகாரி எழுதியதாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. அதன் சாரம் இது: கொளுத்தும் வெயிலில் வீட்டு மாடிக்கு ஏறுங்கள், நாலு உதவாக்கரைகளோடு பேசிக்கொண்டிருங்கள், நிலவறைக்கு இறங்கித் துரு மிதக்கும் வெந்நீரைக் குடியுங்கள், மறுபடியும் மாடிக்கு ஏறுங்கள். கால் ஓயும் வரை இதையே செய்துவிட்டு, கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு படுத்துவிடுங்கள்.

இரவில்தான் வேலை. பஹாமாவின் நாசோவிலிருந்தும் பெர்முடாவிலிருந்தும் சாம்பல் நிறம் பூசிய, உயரம் குறைந்த, வேகமான நீராவிக் கப்பல்கள் வரும். நிலவில்லாத இரவாகப் பார்த்து, புகை அதிகம் வராத கரியாகப் போட்டு, ஒரு விளக்குக்கூட இல்லாமல் காவல் கப்பல்களுக்கு நடுவே நழுவிப் போகும். இருட்டையே பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அலையும் கப்பலாகத் தெரியும், கப்பலும் அலையாகத் தெரியும். வாணம் விட்டுச் சக கப்பல்களுக்குச் சைகை காட்டுவதற்குள் ஆள் துறைமுகத்துக்குள் போயிருப்பான்.

இந்தக் காவலின் சூடு நம் பக்கமும் தெரிந்தது. தெற்கின் பஞ்சு வெளியே போக முடியாமல் அடைபட்டதும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடி அலைந்தன. திருநெல்வேலிச் சீமையின் பஞ்சு தூத்துக்குடியில் கப்பலேறியது, விலை எகிறியது, போர் முடிந்ததும் விழுந்தது. தெற்கின் வேட்டைக் கப்பலான அலபாமாவும் இந்தியப் பெருங்கடலுக்கு வந்துபோனது. 1863 கிறிஸ்துமஸ் சமயத்தில் சிங்கப்பூரில் கரி ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1864 ஜனவரியில் மலபார் கரைக்கு அப்பால் எம்மா ஜேன் என்ற அமெரிக்க வணிகக் கப்பலைக் கொளுத்தியது. அதன் ஆட்களைத் திருவிதாங்கூர்க் கரையில் அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. சார்ல்ஸ்டன் எங்கே, அஞ்சுதெங்கு எங்கே!

மானிட்டருக்கு வருவோம். ஜான் எரிக்சன் என்ற ஸ்வீடன்காரர் வரைந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் கட்டி, 1862 ஜனவரி 30 அன்று நீரில் இறக்கிய கப்பல். தண்ணீருக்கு மேல் ஒன்றரை அடிதான் தெரியும். தட்டையான தளம், நடுவில் உருளை மாதிரிச் சுழலும் கோபுரம், அதற்குள் 11 அங்குல வாய் கொண்ட இரண்டு பீரங்கிகள். கோபுரத்தின் உள்விட்டம் 20 அடி, உயரம் 9 அடி, சுவர் ஓரங்குல இரும்புத் தகடுகள் எட்டைச் சேர்த்துப் பொருத்தியது. மற்றவை ஏறக்குறைய எல்லாமே நீர்மட்டத்துக்குக் கீழே. படுக்கை, சமையல், இயந்திரம், கழிப்பறை எல்லாம்.

அந்தக் கழிப்பறையே ஒரு தனிக்கதை. நீருக்கடியில் இருப்பதால் கழிவைப் பம்ப் வைத்து வெளியே தள்ள வேண்டும், அதற்கு வால்வுகளை ஒழுங்கு மாறாமல் திறந்து மூட வேண்டும். கப்பல் மருத்துவர் ஒருமுறை வரிசையை மாற்றித் திறந்துவிட்டார். கடல் அவரைத் தூக்கி அடித்ததாக மாலுமிகள் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிக்க முடியாத விஷயம் காற்று. ஜன்னல் இல்லாத கப்பல் அது. இயந்திரத்தோடு தோல் பட்டையால் இணைத்த இரண்டு விசிறிகள்தான் வெளிக்காற்றை இழுத்து உள்ளே அனுப்பும். அதே காற்றில்தான் கொதிகலன் நெருப்பும் எரிய வேண்டும், மனிதரும் மூச்சு விட வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் நியூயார்க்கிலிருந்து தெற்கே போகும்போது புயலில் அலை குழாய்களுக்குள் புகுந்தது. பட்டைகள் நனைந்து வழுக்கின, விசிறிகள் நின்றன. காற்றில்லாமல் நெருப்பு மங்க, புகையும் விஷவாயுவும் இயந்திர அறையை நிரப்பின. சரிசெய்ய இறங்கியவர்கள் ஒவ்வொருவராக மயங்கி விழுந்தார்கள். அவர்களை இழுத்து வந்து கோபுரத்தின் உச்சியில் கிடத்தித்தான் பிழைக்க வைத்தார்கள். அதாவது, எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே கப்பல் தன் ஆட்களைப் பாதி கொன்றுவிட்டது.

மார்ச் 9, விர்ஜீனியா மாநிலக் கரையில் ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற இடம். முந்தைய நாள் தெற்கின் கவசக் கப்பல் விர்ஜீனியா இரண்டு மரக் கப்பல்களை அழித்திருந்தது. கம்பர்லாந்தை முட்டி மூழ்கடித்தது, காங்கிரஸைச் சுட்டு எரித்தது. ஒரே பகலில் 240 பேருக்கு மேல் செத்தார்கள். விர்ஜீனியாவின் தலைவர் ஃப்ராங்க்ளின் புக்கானன். அவருடைய உடன்பிறந்தவர் காங்கிரஸ் கப்பலில் சம்பள அதிகாரி. உள்நாட்டுப் போர் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மறுநாள் நடந்த சண்டையில் மானிட்டரின் ஆள் ஒருவரும் சாகவில்லை. எட்டங்குல இரும்பு தன் வேலையைச் செய்தது. கோபுரத்துக்குள் இருந்த சுமார் இருபது பேருக்கு அது எப்படி இருந்தது என்பது வேறு. வெளியே எதுவும் தெரியாது. பீரங்கி வாய் நீளும் துளை வழியாக ஒரு கீற்று வெளிச்சம், அதுவும் சுடும் நேரத்தில்தான். கப்பலின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரிய கோபுரத்துக்குக் கீழே தரையில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அது அழிந்துவிட்டது. கோபுரத்தைச் சுழற்றினால் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியவில்லை. தலைவர் நின்று கப்பலைச் செலுத்தும் அறைக்கும் கோபுரத்துக்கும் இடையிலான பேச்சுக் குழாயும் உடைந்தது. கணக்கு எழுதும் சம்பள அதிகாரியும் எழுத்தரும்தான் கீழ்வழியாக ஓடி ஓடிச் செய்தி சொன்னார்கள். குண்டு வெளியே மோதும் நேரத்தில் சுவரில் சாய்ந்திருந்த ஒருவர் சுருண்டு விழுந்து நினைவிழந்தார். தலைவர் ஜான் வோர்டன் பார்வைத் துளையில் கண் வைத்திருந்தபோது அங்கேயே குண்டு வெடித்து, கண்ணில் காயம் பட்டது. எஞ்சிய சண்டையைத் துணைத்தலைவர் சாமுவேல் டேனா கிரீன் நடத்தினார், அவருக்கு வயது 22.

வெற்றி தோல்வி இல்லாமல் இரண்டு கப்பலும் திரும்பிப் போயின. நாடு கொண்டாடியது. அதற்குப் பிறகு கோடை வந்தது.

அந்தக் கோடையில் மானிட்டர் ஜேம்ஸ் ஆற்றில் நின்றது. ஜார்ஜ் கியர் என்ற தீயாள் நியூயார்க்கில் இருந்த மனைவி மார்த்தாவுக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். பெரிய படிப்பில்லாதவர். எழுத்துப் பிழைகளுக்கு நடுவே, சம்பளப் பணம் வந்ததா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்ற விசாரிப்புகளுக்கு நடுவே, வெப்பமானியின் அளவும் வருகிறது. இயந்திர அறையில் 127 டிகிரி பாரன்ஹீட். சமையலறையில், அடுப்பை அணைத்த பிறகும், 155. படுக்கிற தளத்தில் 95. செல்சியஸில் சொன்னால் 53, 68, 35. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் இந்த எண்கள் உறைக்கும். கொட்டகையிலாவது வாசல் இருக்கும். இங்கே மேல்தளமே வெயிலில் காய்ந்த இரும்பு. இரவில் போர்வையைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்து படுக்கலாம், ஆனால் கரையிலிருந்து எதிரியின் துப்பாக்கிக்காரன் குறி பார்த்துக்கொண்டிருப்பான். கொசு தனி.

நீராவிதான் மாலுமியின் வேலையையே மாற்றியது. பாய்மரக் கப்பலில் ஒருவன் கயிறு ஏறத் தெரிந்தவன் என்பதில் பெருமை உண்டு, வானம் உண்டு. தீயாளுக்கு மண்வெட்டியும் கரிக்குவியலும் மட்டுமே உலகம். கரி தீர்ந்தால் முற்றுகைக் கப்பல் காவலை விட்டுவிட்டு போர்ட் ராயல் போன்ற தளத்துக்குப் போக வேண்டும். அங்கே கூடை கூடையாக, மூட்டை மூட்டையாகக் கரி ஏற்றும்போது, தேய்த்துத் தேய்த்து வெளுப்பாக்கிய தளம், துவைத்துக் காயப்போட்ட துணி, மறுநாள் சாப்பாடு எல்லாவற்றிலும் கரித்தூள்.

கொதிகலன் என்ன செய்யும் என்பதை ஆற்றுக் கப்பல்கள் காட்டின. 1862 ஜூன் 17, ஆர்கன்சாஸில் வைட் ஆற்றங்கரையில் செயின்ட் சார்ல்ஸ் என்ற இடம். மவுண்ட் சிட்டி என்ற கவசக் கப்பலின் பக்கவாட்டைத் துளைத்த ஒரே ஒரு குண்டு நீராவிக் கலத்தை உடைத்தது. கவசச் சுவருக்குள் அடைபட்டிருந்த 175 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலர் நீராவியில் வெந்து, மற்றவர்கள் ஆற்றில் குதித்து. குண்டு நேரடியாகக் கொன்றது மிகச் சிலரை. மரக் கப்பலாக இருந்திருந்தால் இந்தக் குண்டு ஓட்டை போட்டுவிட்டுப் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1864 ஆகஸ்ட் 5 அன்று மொபைல் விரிகுடாவில் டெகம்சே என்ற கவசக் கப்பல் கண்ணிவெடியில் மோதி இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தலைகுப்புற மூழ்கியது. தொண்ணூறு பேருக்கு மேல் போனார்கள். தலைவர் டியூனிஸ் கிரேவனும் வழிகாட்டியும் ஒரே ஏணியடியில் சந்தித்தார்கள். ‘முதலில் நீங்கள் போங்கள்’ என்று கிரேவன் ஒதுங்கி நின்றார். வழிகாட்டி பிழைத்தார். ஏணி ஒன்றே ஒன்று என்பதால்தான் அந்தப் பெருந்தன்மைக்கே அவசியம் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தரைப்படை கறுப்பினத்தவரைச் சேர்க்கலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்த 1861 செப்டம்பரிலேயே, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வருபவர்களைக் கப்பலில் சேர்த்துக்கொள்ள வெல்ஸ் அனுமதி கொடுத்தார். தாராள மனது மட்டும் காரணமில்லை, ஆள் பற்றாக்குறை. முதலில் ‘பையன்’ என்ற கடைசிப் பதவிக்கு மேல் கிடையாது, மாதம் 10 டாலர், நரைத்த தலையானாலும் பையன்தான். இருந்தாலும் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கப்பலில் வேலை செய்தார்கள், ஒரே பதவிக்கு ஒரே சம்பளம். தரைப்படையில் அந்தச் சமன் 1864 வரை வரவில்லை. போர் முடிவதற்குள் சுமார் 18,000 கறுப்பின ஆண்கள் கடற்படையில் இருந்திருந்தார்கள். 1862 மே மாதம் ஓர் இரவில் ஷெர்லி பண்ணையிலிருந்து படகில் துடுப்புப் போட்டு மானிட்டருக்கு வந்து சேர்ந்த சையா கார்ட்டர் அவர்களில் ஒருவர். அவரைச் சமையல் உதவிக்கு வைத்தார்கள். 155 டிகிரி சமையலறை என்று மேலே சொன்னேனே, அங்கே.

அதே வருடம் செப்டம்பர் 1 முதல் வடக்கின் கப்பல்களில் தினசரிச் சாராயப் படியும் நின்றது. பதிலுக்கு நாளுக்கு 5 சென்ட் சம்பளத்தில் சேர்த்தார்கள். சாட்டையடியை 1850லேயே ஒழித்திருந்தார்கள், அதற்கு மாலுமிகள் யாரும் வருத்தப்படவில்லை. சாராயத்துக்கு ரொம்பவே வருத்தப்பட்டார்கள். தெற்கின் கடற்படை தன் ஆட்களுக்குச் சாராயத்தை நிறுத்தவில்லை.

1862 டிசம்பர் 29 அன்று ரோட் ஐலண்ட் என்ற கப்பல் மானிட்டரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெற்கே கிளம்பியது. மறுநாள் மாலை கேப் ஹாட்டராஸ் அருகே புயல். கோபுரத்தின் அடியிலும் மற்ற இடுக்குகளிலும் தண்ணீர் கசிந்தது. பம்புகள் ஓட நீராவி வேண்டும், நீராவிக்கு நெருப்பு வேண்டும், நெருப்பை நோக்கித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தீயாட்கள் முழங்காலளவு நீரில் நின்று கரி போட்டார்கள். கோபுரத்தின் மேல் ஒரு சிவப்பு விளக்கை ஏற்றி உதவி கேட்டார்கள். ரோட் ஐலண்டின் படகுகள் அலைக்கு நடுவே வந்து ஆட்களை ஏற்றின. ஒன்றரை அடி உயரத் தளத்தில் ஓடிப் படகைப் பிடிக்க வேண்டும். முன்னால் ஓடியவர்களை அலை அடித்துக்கொண்டு போவதைப் பார்த்த சிலர், மானிட்டரின் அப்போதைய தலைவர் பாங்க்ஹெட் கூப்பிட்டும் கோபுரத்தை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள்.

கியர் பிழைத்தார், கார்ட்டரும் பிழைத்தார். 16 பேர் போனார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில், ரோட் ஐலண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு வெளிச்சம் ஏறி இறங்கி ஏறி இறங்கித் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. 1977இல் நீர்மூழ்கி ஆய்வாளர்கள் அந்தச் சிதைவிலிருந்து முதன்முதலாக மேலே கொண்டுவந்த பொருள் ஒரு விளக்கு. அதன் கண்ணாடி சிவப்பு.